விண்ணரசியில் ஓடிய செவ்வாய்ப் படம்

ததேயுஸ் தன் வாழ்நாளில் பார்த்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் கடைசிவரை விழித்திருந்து பார்த்தவை பாதிகூடத் தேறாது. அப்படிப்பட்ட மனிதர், செவ்வாய்க் கிரகத்துக்கு ஆட்கள் போகிற ஒரு படத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லப்போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகின் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டார். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது யாருக்கும் நடக்கிறதுதான். கரையில் நடந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கொச்சிக்கு நேர் மேற்கே, நாலு பக்கமும் தண்ணீராகக் கிடக்கிற இடத்தில் எங்கே போவது?

தேங்காய்ப்பட்டணத்தை ஒட்டிய கடற்கரை ஊர் அவருடையது. மீசை முளைக்கும் முன்பே படகில் சமையலுக்கு எடுபிடியாக ஏறினார். பிறகு வலை இழுத்தார். பஹ்ரைனுக்குப் போய்ச் சில வருடம் மீன் பிடித்தார். அங்கே வெயிலும் அரபியும் ஒத்துவராமல் திரும்பி வந்து, ‘விண்ணரசி’ என்ற விசைப்படகுக்கு ஸ்ராங்கு ஆனார். படகை ஓட்டுகிறவரை அந்தக் கரையில் ஸ்ராங்கு என்பார்கள். ஓட்டுவது மட்டுமல்ல; எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது, காற்று மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது எல்லாம் அவர் வாக்குத்தான். ஒரு தடவை போனால் மாதக் கணக்கில் கடல்வாசம். ஒன்பது வீட்டுப் பெண்கள் தங்கள் ஆண்களை அவரை நம்பித்தான் படகில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

பேச்சு குறைவு. பேசினால் மனதில் இருப்பதுதான் வரும். எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிற பழக்கமே கிடையாது. கல்யாணமான முதல் வாரத்தில் விக்டோரியா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நிறம் உனக்கு எடுக்கவில்லை என்று சொன்னவர். இருபத்தைந்து வருடமாக அவள் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவரும் இருபத்தைந்து வருடமாக அந்தச் சேலையைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஓணம் கழிந்து கடலுக்குப் புறப்பட்டபோது, மகள் ஜெனிலா ஒரு பென்டிரைவ் நிறையப் படங்களை ஏற்றிக் கொடுத்தாள். நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். செவ்வாய்ப் படத்தைப் பற்றி அவளே ஓர் எச்சரிக்கையும் சொன்னாள். விடுதியில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பெண்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லையாம். ஊர் உலகத்திலும் அதே கதைதான். பாதிப்பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், மீதிப்பேர் எடுத்தவனைத் திட்டித் தீர்க்கிறார்கள். ததேயுஸ் பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரே தவிர, எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ளவில்லை.

கதை இதுதான். ஆறு பேர் செவ்வாய்க்குப் போகிறார்கள். வேலை முடிந்து திரும்புகிற நாளில், ஒருவன் கல் பொறுக்கப் போன இடத்தில் தரை உள்வாங்கிக் குழிக்குள் விழுகிறான். கால் பாறைக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. உயிர் இருக்கிறது, வயர்லெஸில் பேசுகிறான். ஆனால் பூமியும் செவ்வாயும் நிற்கிற நிலையைப் பார்த்துக் குறித்த நேரம் தவறினால் மற்ற ஐந்து பேரும் திரும்ப முடியாது. தலைவன் அவனிடம் பேசிக்கொண்டே கப்பலைக் கிளப்புகிறான். குழியில் கிடக்கிறவனின் குரல் தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போகிறது. அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

படகின் படுக்கை அறையில் இருந்த சின்ன டிவியில் அது முடிந்தது. உடனே வாக்குவாதம் தொடங்கியது. சமையல் பார்க்கிற ஜான்ரோஸ், பாட்டும் இல்லை சண்டையும் இல்லை, ஒரு பொட்டு மீனும் கிடைக்காத இடத்துக்கு இவர்களை யார் போகச் சொன்னது என்று சலித்துக்கொண்டார். வலை இழுக்கிற ஸ்டெனிக்கு வேறு கோபம். இவ்வளவு தூரம் போகிறவர்கள் நல்ல கயிறு ஒன்று கொண்டுபோக வேண்டாமா, நாலு பேர் சேர்ந்து இழுத்தால் வராத பாறையா என்று கேட்டான். ஐந்து குடும்பம் பூமியில் காத்துக்கிடக்கிறதே என்றான் ஒருவன். குழியில் கிடக்கிறவனுக்குக் குடும்பம் இல்லையா என்றான் இன்னொருவன். பேச்சு போகப்போகச் சூடானது. ஒக்கிப் புயலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அது செவ்வாயைப் பற்றிய பேச்சாக இல்லை.

அந்தப் பக்கத்தில் முன்னால் நின்றவன் ஆன்றோ. அவனுடைய அப்பன் வறுவேல் ஒக்கியில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அரசாங்கக் கப்பல்களை நம்பாமல் ஊர்ப் படகுகளே தேடப் போயின. விண்ணரசியும் போனது. டீசல் வற்றுகிற மட்டும் ததேயுஸ் வட்டமடித்துத் தேடினார். வற்றியதும் திரும்பினார். அதை யாரும் தவறு என்று சொல்லவில்லை. ஆன்றோவின் அம்மாகூடச் சொல்லவில்லை. அப்பன் போன பிறகு அதே ததேயுஸிடம்தான் ஆன்றோ தொழிலுக்கு வந்தான். நீச்சலில் அவனை மிஞ்ச ஆள் இல்லாததால், கடலுக்குள் இறங்க வேண்டிய வேலையெல்லாம் அவன் பங்குக்கு வந்தது.

அவன்தான் கேட்டான். “நிங்க சொல்லுங்க மாமா. அந்தாளு விட்டுட்டுப் போனது சரியா?”

ததேயுஸ் பால் விடாத கட்டன்சாயாவை ஊதிக்கொண்டிருந்தார். தூக்கம் வேறு. “அஞ்சு பேரு வீடு சேந்தாங்கல்லா? பின்ன என்ன. சரிதான்.”

ஆன்றோ அவர் முகத்தைப் பார்த்தான். எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து படகில் இரண்டு பந்தி. ஐந்து பேர் முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நாலு பேர் பின்பக்கம். வலை இழுக்கும்போது பாடுகிற ஏலேலோ நின்றுபோனது. ததேயுஸ் ஒன்று சொன்னால் செய்தார்கள், ஆனால் சொன்னதை மட்டும் செய்தார்கள். ஒருநாள் ஐஸ் அறைக்குப் போன ஸ்டெனி, தான் வெளியே வரும்வரை திறந்த மூடியைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்க ஓர் ஆளை வைத்துவிட்டு இறங்கினான். அதைப் பார்த்ததும் ததேயுஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த ஆள் தேவைப்பட்டால் நம்மை விட்டுவிடுவான் என்று படகு முழுக்க ஒரு நினைப்பு பரவிவிட்டது. ஸ்ராங்கை நம்பாத படகு கடலில் ரொம்ப நாள் நிற்காது. இது அவருக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சமாதானம் சொல்லுகிற வித்தை அவருக்குத் தெரியாது. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்று நினைக்கிற ஜாதி. படகைத் திருப்புகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அனாதை வலை வந்து சேர்ந்தது. யாரோ, எந்தக் காலத்திலோ கடலில் அறுத்துவிட்ட நைலான் வலை. மிதந்து வந்து விண்ணரசியின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் முக்கி முனகி நின்றது. காலை நேரம்தான், ஆனால் மழை மேற்கே கட்டிக்கொண்டு வந்ததில் வெளிச்சம் மங்கியிருந்தது. நீரோட்டம் படகை வடக்கே இழுத்தது. வடக்கே இருப்பது சரக்குக் கப்பல்கள் போகிற பாதை. மழையில் கப்பல்காரனுக்கு இவ்வளவு சின்னப் படகு தெரியாது. தெரிந்தாலும் அவ்வளவு பெரிய இரும்பை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அப்படி மோதிச் செத்தவர்களின் கல்லறைகள் அந்தக் கரையின் எல்லா ஊரிலும் இருக்கின்றன. சிலவற்றில் உள்ளே ஆள் இல்லை, பெயர் மட்டும் உண்டு.

யாராவது அடியில் இறங்கி வலையை வெட்ட வேண்டும். ஆன்றோவின் வேலை அது. அதற்கு அந்தப் படகுகளில் ஒரு முறை இருக்கிறது. இறங்குகிறவன் எஞ்சின் சாவியைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவான். அவன் அடியில் இருக்கும்போது யாரும் தவறிக்கூட எஞ்சினைப் பிடிக்க, அதாவது கிளப்ப, முடியாது. விசிறி சுழன்றால் ஆள் துண்டாகிவிடுவான். ஸ்ராங்கு சக்கரத்தை விட்டு வெளியே வந்து எல்லோரும் பார்க்க நிற்பார்.

ததேயுஸ் சாவியைக் கழற்றி நீட்டினார். ஆன்றோ வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“கழுத்துல கெடக்கியது ஒரு சாவி. நிங்களுக்க பெட்டியில இன்னொண்ணு உண்டு,” என்றான்.

உண்மைதான். எல்லாப் படகிலும் மாற்றுச்சாவி ஒன்று ஸ்ராங்கிடம் இருக்கும். எல்லோருக்கும் தெரியும். இத்தனை காலத்தில் அதைப் பற்றி ஒருவனும் வாய் திறந்ததில்லை. ஆன்றோ சொன்ன பிறகு மற்றவர்கள் அவரைப் பார்க்கிற பார்வையும் மாறிவிட்டது. ஸ்டெனி தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் படத்தில் தலைவன் செய்தது தப்பு என்று இந்த ஒன்பது பேருக்கு முன்னால் மாமா சொல்லட்டும், உடனே இறங்குகிறேன் என்றான் ஆன்றோ. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் யாரோ எடுத்த படம், அதில் யாரோ நடித்த வேஷம். அதற்காகப் பத்து உயிர் கப்பல் பாதையில் மிதந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஜான்ரோஸ் அவர் காதோரம் வந்து கெஞ்சினார். “ஒரு வாக்கு சொல்லிப்போட்டா கொறஞ்சா போவும், ததேயுஸு? படந்தானே. பய எறங்கட்டும்.”

“பயந்து சொல்லுத வாக்குக்கு என்ன வெல? இண்ணைக்கு இது. நாளைக்கு தெக்க போ, வடக்க போண்ணு அவனுவ சொல்லுவானுவ. பின்ன எனக்கு வீலு எதுக்கு?”

அதில் நியாயம் இருந்தது. வீம்பும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. சட்டையைக் கழற்றிப் போட்டார். பெட்டியைத் திறந்து மாற்றுச்சாவியையும் எடுத்தார். இரண்டையும் ஆன்றோவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். தானே இறங்கப்போகிறார் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. ஸ்ராங்கு சக்கரத்தை விட்டுக் கடலில் இறங்குவது எந்தப் படகிலும் இல்லாத வழக்கம். கழுத்தில் சாவி இல்லாமல் இறங்குவது அதைவிட இல்லாத வழக்கம்.

“கப்பல் கண்டா எஞ்சினப் பிடி. ஞான் கைய தூக்கினா கியர் போடு,” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில் சேர்த்துச் சொன்னார். “தூக்கல்லேங்கிலும், வேற வழி இல்லேங்கி போடு. கேட்டியா?”

ஆன்றோ சாவிகளை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

ஜான்ரோஸ் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். ததேயுஸ் கத்தியை எடுத்துக்கொண்டு, மாதாவைக் கும்பிட்டு இறங்கினார். தண்ணீர் குளிர்ந்தது. இந்த வேலையைக் கடைசியாகச் செய்து பல வருடம் ஆகிவிட்டது. மூச்சு முன்னைப்போல நிற்கவில்லை. விசிறியின் மூன்று இலைகளிலும் வலை சுற்றி, சூட்டில் உருகி, கட்டையாக இறுகியிருந்தது. அறுக்க அறுக்க நூல் நூலாகத்தான் வந்தது. அலை படகைத் தூக்கிப் போடும்போதெல்லாம் படகின் அடிப்பாகம் தலையில் இடிக்க வந்தது. மேலே வந்து மூச்சு வாங்குவார், இறங்குவார். ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் சக்கர அறையின் வாசலில் ஆன்றோ தெரிந்தான். சாவி வைத்திருந்த கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான்.

பிறகொரு தடவை மேலே வந்தபோது எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வந்துகொண்டிருந்தது. முதலில் மழைமேகம் போலத்தான் இருந்தது. பிறகு அதற்கு ஒரு விளிம்பு வந்தது. ஸ்டெனி வயர்லெஸில் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் இல்லை. கப்பல் நேராக வந்தது.

மேலே வந்துவிடு என்று ஜான்ரோஸ் கயிற்றை இழுத்தார். வந்து என்ன செய்வது? வலை இன்னும் ஓர் இலையில் சுற்றிக் கிடந்தது. அதோடு எஞ்சினைப் பிடித்தால் திரும்பவும் அடைத்து நின்றுவிடும். ததேயுஸ் மூச்சை இழுத்து உள்ளே போனார்.

கப்பலின் சத்தம் தண்ணீருக்குள் காதால் கேட்பது அல்ல, நெஞ்செலும்பில் விழுவது. தட், தட், தட் என்று விழுந்தது. அவர் இடது கையால் இலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்தார். அப்போது படகு முழுவதும் அதிர்ந்தது. மேலே ஆன்றோ எஞ்சினைப் பிடித்துவிட்டான்.

விசிறி இன்னும் சுழலவில்லை. கியர் போட்டால்தான் சுழலும். ஒரு கை, ஒரு கம்பியை, ஒரு சாண் தள்ள வேண்டும். அவ்வளவுதான் மிச்சம். அவரே சொன்னபடிதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. கப்பல் கண்டான், எஞ்சினைப் பிடித்தான். அடுத்தது அவன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ததேயுஸின் மனதில் அப்போது ஒன்பது பேர் இல்லை. ஒன்பது வீடுகளும் இல்லை. வேண்டாம் மக்கா, போடாதே, போடாதே என்பது மட்டும்தான் இருந்தது. ஜெனிலாவின் முகம் வந்தது. மூச்சு முடிந்துகொண்டிருந்தது. இதை இப்படியே விட்டுவிட்டு ஒதுங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்துக்கொண்டே அறுத்தார், அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாததால். இடுப்புக் கயிறு நினைவுக்கு வந்தது. விசிறி சுழன்றால் முதலில் கயிற்றைத்தான் இழுக்கும், கயிறு அவரை இழுக்கும். ஒரே வெட்டில் கயிற்றையும் அறுத்தார். வலையின் கடைசிப் பிரியும் விட்டது. இரண்டு காலாலும் சுக்கானை உதைத்துத் தள்ளினார். உதைத்த கால் விலகுவதற்குள் விசிறி சுழன்றது.

குதிகாலில் நெருப்பு பட்டதுபோல இருந்தது. தண்ணீர் அவரைப் புரட்டிப் போட்டது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. எப்படியோ தலை வெளியே வந்தது. இருமி, கக்கி, கண்ணைத் திறந்தபோது, விண்ணரசியின் பின்பக்கம் தெரிந்தது. போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அந்தப் படகில் வாழ்ந்தும், அது தன்னை விட்டுப் போகிற காட்சியை அவர் பார்த்ததில்லை. பின்னால் எழுதியிருந்த விண்ணரசி என்ற மாதாவின் பெயர் அலையில் ஏறி இறங்கிற்று. ஜான்ரோஸ் வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு நடுவில் கப்பல் வந்துவிட்டது. இரும்புச் சுவர். மேலே நிமிர்ந்து பார்த்தும் ஒரு மனிதத் தலை இல்லை. அதன் முன்னலை அவரைத் தூக்கி ஓரமாக வீசியது. சுவர் போய்க்கொண்டே இருந்தது. முடியும் என்று தோன்றவில்லை. கடைசியாக அது முடிந்தபோது, அந்தப் பக்கம் மழை மட்டும்தான் இருந்தது. படகு இல்லை.

ததேயுஸ் கத்தினார். ஆன்றோவைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அவன் அம்மையைத் திட்டினார். செவ்வாய்ப் படத்தின் தலைவனைத் திட்டினார், அவன் ஐந்து பேரோடு கடலில் விழுந்து சாகட்டும் என்றார். பிறகு திட்ட மூச்சில்லாமல் அழுதார். தான் கை தூக்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தூக்க நேரமே கிடைக்கவில்லை. அடியில் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துதான் அவன் கியர் போட்டிருக்கிறான். அவர் சொன்னபடி செய்திருக்கிறான். அது சரி. சரி என்று தெரிந்தும், அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. கை கால் சோர்ந்தது. குதிகாலிலிருந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மல்லாந்து மிதந்தார். மழை முகத்தில் விழுந்தது. தேடுவார்களா, தேடினால் எவ்வளவு நேரம் தேடுவார்கள் என்ற நினைப்பு வந்ததும், மனம் அதற்குமேல் ஓர் அடி போகாமல் நின்றுகொண்டது.

எஞ்சின் சத்தம் முதலில் கேட்டது. பிறகு நின்றது. பிறகு வேறு பக்கத்தில் கேட்டது. விண்ணரசி வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஒரு வட்டம், அதைவிடக் கொஞ்சம் விரிந்த இன்னொரு வட்டம். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வட்டத்தை நகர்த்துகிற விதம் அவருடைய விதம். யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆன்றோ கூட நின்று பார்த்துக் கற்றிருக்கிறான். ததேயுஸ் கையைத் தூக்கினார். இந்தத் தடவை நேரம் இருந்தது.

அவரை இழுத்து ஏற்றினார்கள். ஜான்ரோஸ் அவர் காலில் துண்டைச் சுற்றிக்கொண்டே குழந்தைபோல அழுதார். ஆனால் படகில் சந்தோஷம் இல்லை. ஆன்றோவின் உதடு கிழிந்து இரத்தம் வழிந்தது, ஸ்டெனி அடித்திருக்கிறான். படத்தில் விட்டுவிட்டுப் போனவனைத் திட்டிய ஆன்றோவின் கூட்டத்து ஆட்களே இப்போது அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டெனி கேட்டான்: கை தூக்கினீரா, இவன் அதைப் பார்த்துத்தான் போட்டானா? அத்தனை முகமும் ததேயுஸின் வாயைப் பார்த்தது. தூக்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான்.

“தூக்கல்ல,” என்றார். “ஞான் சொன்னதத்தான் அவன் செய்தான். அவன் மேல கை வச்சவன் எனக்க மேல வச்சவன்.”

ஸ்டெனி விலகினான். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ததேயுஸ் நொண்டிக்கொண்டே சக்கர அறைக்குப் போய், பலகையில் உட்கார்ந்தார். ஆன்றோ திரும்பிப் பார்க்கவில்லை.

“ஞான் பாக்கல்ல மாமா,” என்றான். “நிங்க மேல வந்ததயும் பாக்கல்ல. கப்பல மட்டும்தான் பாத்தேன். போட்டுட்டேன்.” பிறகு கேட்டான். “இப்பவும் அவன் செய்தது சரிதானா?”

யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ததேயுஸ் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு இப்போதும் வரவில்லை. அடியில் கிடந்து, போடாதே என்று கெஞ்சியதையும் மறைக்க முடியவில்லை, அதையும் சொன்னார். பிறகு சொன்னார்:

“சரிதான் மக்கா. ஆனா அவன் திரும்பி வரல்ல. நீ வந்தே.”

அவனைத் தேற்றத்தான் சொன்னார். வாழ்நாளில் ஒருவனைத் தேற்றுவதற்காக அவர் சொன்ன முதல் வார்த்தையாகக்கூட இருக்கலாம். ஆன்றோ அப்போதுதான் திரும்பினான். கண் சிவந்திருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டான்.

“எனக்க அப்பனும் இப்பிடித்தான் தண்ணியில பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பாரோ மாமா?”

டீசல் வற்றியது, காற்று அடங்காதது, எல்லாம் ததேயுஸின் நாக்கு நுனிவரை வந்தன. அவை எல்லாம் நிஜம். ஊரே ஒப்புக்கொண்ட நிஜம். கொஞ்ச நேரத்துக்கு முன்பு தண்ணீரில் கிடந்த அவருக்கு அவற்றில் ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா,” என்றார்.

ஆன்றோ முன்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ததேயுஸ் எழுந்து போகவில்லை. சக்கரத்தைத் தா என்றும் கேட்கவில்லை. காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மழை விட்டு, படகு கப்பல் பாதையைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது.